பன்னாட்டு உறவுகள் படிப்பில் முதல் கட்டுரை: "உங்கள் வாதம் எங்கே?" என்று கேட்டால்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் பன்னாட்டு உறவுகளும் படிக்கப் போகிறவர்கள் விசா, விடுதி, கட்டணம் பற்றியெல்லாம் பல மாதங்களுக்கு முன்பே விசாரித்துவிடுகிறார்கள். முதல் கட்டுரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, அங்கேதான் தடுக்கி விழுந்தேன். அதனால் இந்தப் பதிவில் அந்தக் கட்டுரை மட்டும்தான்.

எனக்கு வந்த கேள்வி இது: 'ஐ.நா. பாதுகாப்புச் சபையின் வீட்டோ, அதை வைத்திருக்கும் நாடுகளை எந்த அளவுக்குக் காக்கிறது?' (வீட்டோ என்பது சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளுக்கு மட்டும் உள்ள, தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம்.) இரண்டு வாரம் உழைத்தேன். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் 50 நாடுகள் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்டது, சபையின் வாக்களிப்பு பற்றி அதன் 27ஆம் பிரிவு சொல்வது, 1965இல் சபையின் உறுப்பினர் எண்ணிக்கை 11இலிருந்து 15 ஆனது, யார் யார் எப்போது வீட்டோ போட்டார்கள் என்பது என எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். தகவலில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் திரும்பி வந்த தாளின் அடியில், "வரலாறு தெரிகிறது. உங்கள் வாதம் எங்கே?" என்று இருந்தது. மதிப்பெண்ணும் அதற்கேற்ற மாதிரிதான்.

படி 1: கேள்வி என்ன செய்யச் சொல்கிறது?

'விவரி' என்று அநேகமாக வராது. 'மதிப்பிடு', 'ஒப்பிடு', 'எந்த அளவுக்கு' என்றுதான் வரும். அளவைக் கேட்டால் அளவைச் சொல்லியாக வேண்டும்: முழுக்கவா, ஓரளவுக்கா, எந்தச் சூழலில் மட்டும்? அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக் கண்ணெதிரே ஒட்டி வையுங்கள்.

படி 2: விடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். எல்லாவற்றையும் படித்து முடித்தால் வாதம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வராது. குறிப்புகள்தான் பெருகும். இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்ததுமே ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு மாற்றலாம்.

அந்த வாக்கியம் தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்து "நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்று சொல்ல முடிய வேண்டும். 'வீட்டோ ஒரு முக்கியமான அதிகாரம்' என்றால் யார் மறுப்பார்? அது வாதமே இல்லை. இரண்டாம் முறை நான் எழுதியது: 'வீட்டோ ஒரு நாட்டைச் சபைக்குள் மட்டுமே காக்கும்; வெளியிலிருந்து வரும் நெருக்குதலைத் தடுக்காது.' இதை மறுக்கலாம். மறுக்க முடிவதால்தான் சான்று தேவைப்படுகிறது.

சான்றுக்கு 1956க்குப் போனேன். சூயஸ் விவகாரத்தில் (சூயஸ் கால்வாயை எகிப்து நாட்டுடைமையாக்கியதை அடுத்து அந்நாட்டின் மீது நடந்த படையெடுப்பு) பிரிட்டனும் பிரான்சும் பாதுகாப்புச் சபையில் வீட்டோ போட்டன. உடனே விஷயம் எல்லா உறுப்பு நாடுகளும் இருக்கும் பொதுச் சபையின் அவசரச் சிறப்பு அமர்வுக்குப் போனது. அமர்வைக் கூட்டும் முடிவு நடைமுறை சார்ந்தது என்பதால் அதற்கு வீட்டோ செல்லாது. இன்னொரு பக்கம் பிரிட்டனின் பவுண்டு தள்ளாட, அமெரிக்கா கைகொடுக்க மறுத்தது. டிசம்பரில் இரு நாட்டுப் படைகளும் வெளியேறின.

படி 3: எதிர்ச் சான்றை நீங்களே தேடுங்கள்

அதே 1956 நவம்பரில் ஹங்கேரி விவகாரத்தில் (அங்கே எழுந்த கிளர்ச்சியைச் சோவியத் படைகள் அடக்கியபோது) சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டது. அதுவும் பொதுச் சபையின் அவசர அமர்வுக்குத்தான் போனது. ஆனால் சோவியத் படைகள் வெளியேறவில்லை. சில நாள் இடைவெளியில் ஒரே வழிமுறை, இரண்டு முடிவுகள்! இதைப் பார்த்ததும் என் வாதம் உடைந்துவிட்டதோ என்று பயந்தேன். உண்மையில் அப்போதுதான் அது கூர்மையானது: 'வீட்டோவுக்கு வெளியே யாரை நெருக்க முடியும் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.' சிக்கலான சான்றை ஒளித்து வைக்காதீர்கள். கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி அதிலிருந்துதான் வந்தது.

படி 4: கோட்பாட்டை வேலை செய்யவிடுங்கள்

'ரியலிசம் என்றால்...' என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதிவிட்டு அதோடு மறந்துவிடுவது பலரும் செய்வது. ஒரே நிகழ்வைத் துறையின் மூன்று கோட்பாடுகளிடம் (வலிமையைப் பார்க்கும் ரியலிசம், அமைப்புகளையும் விதிகளையும் பார்க்கும் லிபரலிசம், எண்ணங்களையும் நெறிகளையும் பார்க்கும் கன்ஸ்ட்ரக்டிவிசம்) கொடுத்துப் பாருங்கள். சூயஸில் ரியலிசம் பவுண்டையும் அமெரிக்க வலிமையையும் காட்டும். லிபரலிசம் பொதுச் சபையின் வழிமுறையைக் காட்டும். பேரரசுகள் படையெடுப்பது அப்போதைய உலகுக்கு எப்படி ஏற்க முடியாததாக மாறியிருந்தது என்று கன்ஸ்ட்ரக்டிவிசம் கேட்கும். ஹங்கேரியை எது நன்றாக விளக்குகிறது என்று ஒன்றின் பக்கம் நில்லுங்கள். மூன்றுக்கும் சம இடம் கொடுத்தால் மறுபடியும் வர்ணனைதான் மிஞ்சும்.

படி 5: மேற்கோள்கள்

மேற்கோள்களைச் சேர்த்து நூல்பட்டியல் தயாரிக்கும் ஸொட்டேரோ மென்பொருள் போதும். இலவசம், திறமூலம், பிரவுசரில் ஒரு சொடுக்கில் கட்டுரை விவரம் சேர்ந்துவிடும். கையால் தட்டச்சு செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சபையில் யார் என்ன பேசினார்கள் என்பதற்குச் செய்தித்தாளை நம்பாமல் ஐ.நா. டிஜிட்டல் நூலகத்துக்குப் போங்கள். 'எஸ்/பிவி' (S/PV) என்று தொடங்கும் எண்ணுள்ளவை பாதுகாப்புச் சபையின் கூட்டப் பதிவுகள். வாக்களிப்பு விவரமும் அங்கேயே கிடைக்கும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். படி 2இன் வாக்கியம், திருத்தப்பட்ட வடிவில், முதல் பத்தியிலேயே வர வேண்டும்.

பின்சேர்க்கை 1: நூல்பட்டியலில் 'யுனைடெட் நேஷன்ஸ்' என்பது 'நேஷன்ஸ், யுனைடெட்' என்று தலைகீழாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஸொட்டேரோ அதை ஒரு ஆளின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறது. ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைப் புலமாக மாற்றினால் சரியாகிவிடும். குடும்பப் பெயரை முதலில் எழுதும் ஆசிரியர்களின் பெயர்களையும் சேர்க்கும்போதே ஒருமுறை சரிபாருங்கள்.

பின்சேர்க்கை 2: 'நான்' என்று எழுதலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். சில துறைகள் விரும்பும், சில விரும்பாது. பாடத்திட்டக் கையேட்டில் பாருங்கள். அதில் இல்லையென்றால் ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய்க் கேளுங்கள். போகும்போது அந்த ஒற்றை வாக்கியத்தையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். இரண்டாம் கட்டுரைக்கு நான் அப்படித்தான் செய்தேன். பத்து நிமிடத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்தது.