டோக்கன் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகு: பெரிய டாக்டரைச் சீக்கிரம் பார்க்க வழி

காலை 8 மணிக்குத்தான் பெயர் எழுதுவார்கள். 7:58-க்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, 8:00-க்கு அடித்தால் பிஸி, 8:04-க்கும் பிஸி, 8:11-க்கு ரிங் போகும், எடுக்க மாட்டார்கள், 8:19-க்கு ஒருவர் எடுத்து "இன்னைக்கு டோக்கன் முடிஞ்சிருச்சுங்க, நாளைக்குப் பண்ணுங்க" என்று வைத்துவிடுவார். என் அம்மாவுக்காக 11 நாள் இப்படி அடித்தேன். இரண்டு போனில், தம்பியின் போனிலும் சேர்த்து.

அம்மாவுக்கு 64 வயது. புதுக்கோட்டையில் இருக்கிறார், 12 வருடமாகச் சுகர். பாதம் இரண்டும் மரத்துப்போகிறது, வாசலில் செருப்பு கழன்று கிடப்பதே தெரியாமல் உள்ளே வந்துவிடுகிறேன் என்றார். பிறகு ஒருநாள் முகம் கழுவக் கண்ணை மூடியவர் அப்படியே வாஷ்பேசின் மேல் சாய்ந்துவிட்டார். நரம்பு டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று நானே முடிவு செய்து, திருச்சியில் பெயர்பெற்ற ஒருவரின் கிளினிக்குக்கு நேராகப் போன் போட ஆரம்பித்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

12-ஆவது நாள் அம்மா எங்கள் தெருமுனை டாக்டரிடம் போனார். அவர் காலணியைக் கழற்றச் சொல்லி, கணுக்காலில் இசைக்கவையை (தட்டினால் அதிரும் கவட்டைக் கம்பி) வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னார், அம்மா ஆடினார். மாத்திரை அட்டையைப் பார்த்து "மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா?" என்றவர், வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை எழுதினார். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு பி12 குறையும், குறைந்தால் காலில் மரமரப்பும் தடுமாற்றமும் வரும், பார்ப்பதற்குச் சுகரால் வரும் நரம்புப் பாதிப்பு மாதிரியே இருக்கும். மறுநாள் ரிசல்ட் வந்தது, ரொம்பக் குறைவு. ஊசியை ஆரம்பித்துவிட்டு, நாலு வரியில் ஒரு கடிதம் எழுதி, தன் போனிலிருந்தே அந்தத் திருச்சி கிளினிக்குக்குப் பேசினார். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு அம்மா உள்ளே இருந்தார்.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: பெரிய டாக்டரின் டோக்கனுக்கு அலைவதற்கு முன்னால் பக்கத்து டாக்டரைப் பாருங்கள். ஸ்பெஷலிஸ்டின் ரிசப்ஷனில் இருப்பவருக்கு உங்கள் அம்மா நாற்பது பேரில் ஒருவர். இன்னொரு டாக்டர் கையெழுத்துப் போட்டு "இவரைச் சீக்கிரம் பாருங்கள்" என்று எழுதினால் அந்தத் தாள் ரிசப்ஷனைத் தாண்டி உள்ளே போகிறது. சில நேரம் ஸ்பெஷலிஸ்டே தேவைப்படாமல் போகும், அதுவும் நல்லதுதான்.

கடிதம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "ரெஃபரல் லெட்டர் ஒண்ணு எழுதித் தாங்க டாக்டர்" என்று கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். அதில் பெயர், வயது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, இவர் பரிசோதித்தபோது என்ன கண்டார், என்ன மாத்திரை ஓடுகிறது, என்ன சந்தேகப்படுகிறார், எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும், இவ்வளவும் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். "நியூரோ ஒப்பீனியன்" என்று மருந்துச் சீட்டின் ஓரத்தில் கிறுக்கியதை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது, "ஒரு வாரத்துக்குள் பார்ப்பது நல்லது" என்ற வரி வேண்டும். முத்திரையும் பதிவு எண்ணும் போன் நம்பரும் இருந்தால் இன்னும் நல்லது.

எதற்குக் காத்திருக்கவே கூடாது

இதை நடுவில் வைத்தாலும் முதலில் படியுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இதில் எது திடீரென்று வந்தாலும் யாருடைய டோக்கனும் வேண்டாம், 108. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, தொந்தரவு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும், அதனால் ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான். நெஞ்சை அழுத்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் வாயு என்று சோடா குடித்துப் படுக்காதீர்கள். சுகர் இருப்பவர்களுக்கு மாரடைப்பில் வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டும் வரலாம்.

டெங்கு காலத்தில் காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில்தான் சிலருக்கு மோசமாகும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாத்தியச் சோர்வு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலும் அதே நாள். முதுகுவலியோடு சிறுநீர் வராமல் போனாலோ தெரியாமல் போய்விட்டாலோ, ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி இருட்டினாலோ, கர்ப்பிணிக்குக் குழந்தையின் அசைவு குறைந்தாலோ நாளை என்ற பேச்சே வேண்டாம்.

போனில் என்ன சொல்வது

"டாக்டரைப் பார்க்கணும், எப்ப இருப்பாரு?" என்று கேட்டால் வருகிற பதில் "டோக்கன் முடிஞ்சிருச்சு" என்பதுதான். அவர்கள் மேல் தப்பில்லை, நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வயசு 64, அம்மாவுக்கு. சுகர் பன்னிரண்டு வருஷமா இருக்கு. ரெண்டு வாரமா கால் மரத்துப்போகுது, இந்த வாரம் ரெண்டு தடவை விழப் பார்த்தாங்க. இங்க டாக்டர் பார்த்து லெட்டர் குடுத்திருக்காரு, பி12 ரிசல்ட் கையில இருக்கு. லெட்டரை வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமா, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்களா?" இருபது வினாடிதான். போன் எடுப்பவருக்கு இப்போது உள்ளே போய்ச் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கிறது. ஒருபோதும் கூட்டிச் சொல்லாதீர்கள். மயங்கி விழுந்தார் என்று பொய் சொல்லி உள்ளே போனால், விழுந்தவருக்கு எடுக்க வேண்டிய ஸ்கேனெல்லாம் எடுக்கச் சொல்வார்கள், உண்மையில் விழுந்த இன்னொருவர் வெளியே உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் மூன்று கேள்விகள். டாக்டர் வேறு எங்கே, எந்தக் கிழமை பார்க்கிறார்? யாராவது வராவிட்டால் கூப்பிடுவீர்களா? நேரில் வந்து பெயர் எழுதலாமா? முதல் கேள்விதான் பலருக்குத் தோன்றுவதில்லை. திருச்சி தில்லைநகரில் இரண்டு வாரம் கிடைக்காத அதே டாக்டர், வாரம் ஒருநாள் பக்கத்து டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து போவார், அங்கே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். போனில் முடியாதது நேரில் முடிவதும் உண்டு. காலையில் கிளினிக் திறக்கும்போதே நோட்டில் பெயர் எழுதுகிற வழக்கம் இன்னும் நிறைய இடத்தில் இருக்கிறது. மழை கொட்டும் சாயங்காலமும் பண்டிகைக்கு முந்திய நாளும் கூட்டம் குறைவு, அஷ்டமி நவமியில் புது டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள் இருப்பதால் அன்றும் கொஞ்சம் இடம் இருக்கும், உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால்.

அரசு ஆஸ்பத்திரியை ஒதுக்கிவிடாதீர்கள். சாயங்காலம் கிளினிக்கில் பணம் கட்டிப் பார்க்கிற ஸ்பெஷலிஸ்டுகளில் பலர் காலையில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ஓ.பி.யில் இருப்பவர்கள்தான், அங்கே முன்பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. கூட்டம் இருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் காத்திருப்பதற்குப் பதில் ஒரு காலைப் பொழுது போகிறது, அவ்வளவுதான். நரம்பு, இதயம், சிறுநீரகம் போன்ற பிரிவுகளுக்குப் பல இடங்களில் குறிப்பிட்ட கிழமைகளில்தான் ஓ.பி. இருக்கும், அதை முந்தைய நாளே விசாரித்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். பல அரசு ஆஸ்பத்திரிகளில் சீட்டு வாங்கும் இடத்தில் கியூ.ஆர். கோடு ஒட்டியிருக்கிறார்கள். மத்திய அரசு தரும் 14 இலக்க ஆபா (ABHA) சுகாதாரக் கணக்கு எண் போனில் இருந்தால் அந்தக் கோடை ஸ்கேன் செய்து டோக்கன் எடுத்துவிடலாம், பெயர், வயது, முகவரி சொல்லும் வரிசையில் நிற்க வேண்டாம்.

சாதாரணத் தொந்தரவுக்கு, நகரங்களில் 2023-இல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் சாயங்காலமும் இயங்குகின்றன, வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம், மருந்துச் சீட்டும் போனுக்கே வந்துவிடும். பி.பி., சுகர் மாத்திரை வாங்க மட்டும் மாதாமாதம் வரிசையில் நிற்கிறவர்கள், 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துகொண்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

ஏற்கெனவே நேரில் பார்த்த டாக்டர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிமுறைப்படி, நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்காகத் தொடர்ந்து போனிலோ வீடியோவிலோ ஆலோசனை கேட்பதை மறு ஆலோசனையாகவே எடுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டைக் காட்ட மட்டும் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏற வேண்டுமா என்று கேளுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு போனிலேயே சொல்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள்.

கிடைத்த பத்து நிமிடத்தை வீணாக்காமல்

அலைச்சலில் பாதி இரண்டாவது டோக்கனால் வருவது. உள்ளே போனதும் "பழைய ஸ்கேன் எங்கே?" என்பார், வீட்டில் பீரோ மேல் இருக்கும். அதனால் முதல் நாளே ஒரு பையைத் தயார் செய்யுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேனின் ரிப்போர்ட்டோடு ஃபிலிமும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சுகர் பரிசோதனை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் அப்படியே. பெயரை எழுதினால் தப்பு வரும், அட்டையில் அளவும் இருக்கும். ஒரு முழுத்தாளில் தேதிவாரியாக என்ன நடந்தது என்று ஆறேழு வரி. அம்மாவுக்கு நான் எழுதியதில் "கண்ணை மூடினால் சாய்கிறார்" என்ற வரியைத்தான் டாக்டர் விரலால் தொட்டு, இதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அம்மாவாகச் சொல்லியிருந்தால் அதை விட்டிருப்பார், அவருக்கு அது ஒரு கூச்சம்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் காப்பி குடித்துவிட்டுப் போய் மறுநாளும் வர வேண்டியிருக்கும். யார் சொல்லியும் நீங்களாகப் பெரிய ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வேறு பகுதியில் எடுக்கச் சொன்னால் அந்தப் பணம் போனதுதான்.

வெளியே வரும் முன்பு, நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்பே, அடுத்து எப்போது வர வேண்டும், எது நடந்தால் அதற்கு முன்பே வர வேண்டும் என்று கேட்டு இரண்டையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அம்மாவின் சீட்டில் "3 வாரத்தில் ரிவ்யூ, நடை மோசமானால் உடனே" என்று எழுதியிருந்தார். மூன்றாவது வாரம் அந்த வரியை போட்டோ எடுத்து ரிசப்ஷனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: வியாழன், 7-ஆம் நம்பர்.