பழைய காரில் ஆக்சிஜன் சென்சார் மாற்றும்போது

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, மைலேஜும் குறைகிறது என்றால் உடனே புது ஆக்சிஜன் சென்சார் (சைலன்சர் குழாயில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளப்பது) வாங்க ஓடாதீர்கள். கோளாறு கோட் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். பி0135 என்று வந்தால் இன்ஜின் பக்கம் உள்ள முன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு. ஃபியூஸ் போயிருந்தாலும் இதே கோட் வரும். கனெக்டரைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். பெரும்பாலும் அவைதான் ஹீட்டர் வயர்கள். சில ஓம் காட்ட வேண்டும். சுற்றே அறுந்திருந்தால் சென்சார் போய்விட்டது.

கழற்றுவதுதான் பெரிய வேலை. கடலூர் உப்புக்காற்றில் நிற்கும் என் 2005 மாடல் காரில் மரை துருவேறி இறுகிக் கிடந்தது. முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். காலையில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பு இருக்கும்போதே 22 எம்எம் ஸ்பேனர் போட்டேன். கையுறை கட்டாயம். வயர் நுழையப் பிளவு உள்ள சென்சார் சாக்கெட் கிடைத்தால் ரொம்ப நல்லது, சாதாரண ஸ்பேனர் சென்சார் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். அசையாவிட்டால் முறுக்கி உடைக்காதீர்கள். கொஞ்சம் இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள்.

புதியதன் மரையில், அது இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை ஏற்கெனவே தடவியிருக்கிறதா பாருங்கள். சென்சார் முனையில் பசையோ எண்ணெயோ படவே கூடாது. முதலில் கையாலேயே திருகி ஏற்றுங்கள். வயர் சைலன்சர் குழாயைத் தொடாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டி, பேட்டரியை இணைத்து, ஸ்கேனரில் அந்தக் கோளாறு கோட்-ஐ அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.