அரிய நோய் ஆராய்ச்சிக்குத் தோல், தசை தானம்: சேலத்திலிருந்து அனுப்புவது எப்படி?

என் தம்பிக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய். குதிகால் இறுகிப்போய் சேலத்தில் ஆபரேஷன் செய்தபோது, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் குழு கேட்டபடி கொஞ்சம் தோலும் தசையும் எடுத்துக் கொடுத்தோம். அத்தனையும் வீணாய்ப் போனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

உறுப்பு தான அட்டை இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது இன்னொருவருக்குப் பொருத்துவதற்கான சம்மதம். ஆராய்ச்சிக்குத் தனிக் கையெழுத்து வேண்டும்.

1. உங்கள் நரம்பியல் டாக்டர் மூலமாகவே, நெறிமுறைக் குழு அனுமதி உள்ள ஆராய்ச்சியாளர்களைப் பிடியுங்கள். மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட் தயாராக இருக்கட்டும்.

2. சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். மிச்சத் திசுவை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், பிறகு விலகலாமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையிடமும் கேட்க வேண்டும். தம்பி "எடுத்துக்கட்டும்க்கா" என்று உடனே சொல்லிவிட்டான்.

3. திரவம். இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். ஆபரேஷன் தியேட்டரில் சதைத் துண்டு என்றாலே கை தானாக, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலுக்குப் போகும். சாதாரண பயாப்ஸிக்கு அது சரி. ஆனால் ஃபார்மலினில் விழுந்த செல் செத்துவிடும். இவர்களுக்கு வேண்டியது உயிருள்ள தோல் செல். அதை வளர்த்து, தசை செல் மாதிரி மாற்றி, மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடியிலேயே அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

இரண்டாம் முறை, லேப் முன்கூட்டியே கொடுத்த குப்பியை நானே நர்ஸ் அக்கா கையில் கொடுத்து, "ஃபார்மலின் வேண்டாம்க்கா, இதில்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே நின்றேன். உள்ளே இளஞ்சிவப்பில் செல் வளர்ப்புத் திரவம். அது மஞ்சளாகியிருந்தால் வேறு குப்பி கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, புஜத்தில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு துண்டு, ஒரே ஒரு தையல். தம்பி முகம் சுளிக்கக்கூட இல்லை.

4. தெர்மாகோல் பெட்டி, ஜெல் ஐஸ். குப்பியைத் துணியில் சுற்றுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் உறைந்து செல் உடைந்துவிடும். லேபிளில் பெயர் வேண்டாம், குழு கொடுத்த எண் போதும். அதையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். பெங்களூர் இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். காலையில் எடுத்தால் சாயங்காலத்துக்குள் சேர்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம், சனி ஞாயிறில் பெட்டி பிரிக்காமலே கிடக்கும்.

இறந்த பிறகு மூளையைத் தானம் செய்ய நினைக்கும் குடும்பங்களுக்கு, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. வீட்டில் எல்லாரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். துக்க வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பது பெரும் பாடு. கண் தானமும் உண்டு என்றால் அதற்கு இறந்ததிலிருந்து 6 மணி நேரம்தான்.

பிற்சேர்க்கை: ஏற்காடு நாகலூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். கூரியர் மறுநாள்தான் என்று இரவு வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தாராம். குப்பி கல்லாக உறைந்துவிட்டது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள் அம்மா. ஃப்ரீசர் கூடாது, கதவுத் தட்டும் கூடாது. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், டப்பாவுக்குள் நிமிர்த்தி வையுங்கள்.