அடிமை வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது

எண்ணிக்கையில் ஆரம்பிக்காதீர்கள். சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டார்கள் என்றால், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் பூஜ்யங்கள்தான். ஒரே ஒரு ஆளில் தொடங்குங்கள்.

அமெரிக்காவில் அடிமைத்தனத்தில் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸ் என் தேர்வு. பால்டிமோரில் எஜமானி அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க, கணவர் தடுத்துவிட்டார். பையன் விடவில்லை. வீட்டு ரொட்டியை எடுத்துப்போய்த் தெருவில் பசியோடிருந்த வெள்ளைக்காரச் சிறுவர்களுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பாடம் கேட்டுக்கொண்டான். இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். "படிச்சா அவங்களுக்கு என்ன?" என்று பிள்ளையே கேட்கும். படித்தவனை அடக்கி வைப்பது கஷ்டம் என்று அந்தக் கணவருக்குத் தெரிந்திருந்தது. 1838இல் டக்ளஸ் தப்பியே விட்டார்.

'அடிமைகள்' என்பதைவிட 'அடிமையாக்கப்பட்டவர்கள்' என்று சொல்லிப் பழக்குங்கள். வாய் சற்றுத் தடுக்கும்தான். ஆனால் யாரோ செய்த வேலை அது என்பது சொல்லிலேயே தெரிகிறது.

அடிமையாக நடிக்கவைக்கும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையா? பிரிட்டனின் 1833ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தைச் சொல்லுங்கள். இழப்பீடு 2 கோடி பவுண்ட். யாருக்குக் கொடுத்திருப்பார்கள் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். போனது அத்தனையும், அடிமையாக்கப்பட்டவர்களுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த உடைமையாளர்களுக்கு.