பழைய ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் புதிய புகைக்குழாய் பொருத்தும் முறை

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் அதற்குக் கிழக்கே பொள்ளாச்சிப் பக்கத்திலும் கொட்டகைக்குள் நிற்கும் பழைய கார்களில் பெரும்பாலும் முதலில் உயிர் விடுவது சைலன்சர்தான். கணவாய் வழியே வரும் சாரலை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் கேடு பெரும்பாலும் உள்ளிருந்தே தொடங்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெரு வரை மட்டும் போய்த் திரும்பும் காரில் குழாய் முழுவதும் சூடேறுவதற்குள் என்ஜின் நின்றுவிடுவதால், அந்த நீர் சைலன்சருக்குள்ளேயே தங்கித் தகட்டைத் தின்கிறது.

1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைக்கப்பட்டது என்பதால், கீழே சொல்பவை அதற்கும் பொருந்தும்.

வாங்கும்போதே இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டும். முதலாவது குழாயின் அகலம். அகலமான குழாய் கூடுதல் சக்தி தரும் என்ற நம்பிக்கை ஹெரால்டின் 948 சி.சி. என்ஜினுக்கு ஒத்துவராது, குறைந்த வேகத்தில் இழுவை குறைந்துவிடும், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அது உடனே தெரிந்துவிடும். இரண்டாவது உலோகம். 304 வகை எவர்சில்வர் துருவைத் தாங்கும். ஆனால் சூட்டில் சாதாரண இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். 300 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் குழாய் 5 மி.மீ. நீளும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நான் சொல்லும் எச்சரிக்கைகளின் காரணம் விளங்கும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 120-இன்படி ஒலியைக் குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயம். கேரள-தமிழக எல்லைக்கு எந்தப் பக்கம் ஓட்டினாலும் இது மாறாது. உள்ளே தடுப்பே இல்லாத வெறும் குழாய் ஓட்டப் பந்தயத் திடலுக்கு மட்டுமே உரியது.

கழற்றுவதற்கு முந்தைய இரவே, என்ஜினோடு குழாய்களைச் சேர்க்கும் கிளைக்குழாயான மேனிஃபோல்டின் நட்டுகளில் துருநீக்கி எண்ணெயை இரண்டு மூன்று முறை விட்டு ஊறவிடுங்கள். இவை அங்குல அளவு நட்டுகள். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; கையில் கிடைக்கும் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் துருப்பிடித்த நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அசையாத நட்டைக் கேஸ் தீயால் சூடாக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. இந்த என்ஜினில் கார்ப்பரேட்டரும் புகை மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோல் குழாயை அடைத்து அப்பால் வைக்காமல் அங்கே தீயைக் கொண்டுவரவே கூடாது. மட்கார்டோடு சேர்ந்து முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்துவிடுவதால் கை நுழைய இடம் தாராளமாக இருக்கும், அவசரத்துக்குக் காரணமில்லை. காரைத் தூக்கியபின் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளைச் சட்டத்துக்கு அடியில் வையுங்கள். ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி அதன்கீழ் படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல் நொறுங்கும்போது முன்னறிவிப்புத் தராது.

புதிதாக வரும் வளைகுழாய் மேனிஃபோல்டில் பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. காற்று உள்ளே செல்லும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் கசிவைத் தடுக்கும் ஒரே கேஸ்கெட் தகட்டின்மேல் அமர்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள ஸ்டட்டுகளில் (தலையில்லாத மரைக்கம்பிகளில்) ஒரே கிளாம்ப் இரண்டின் விளிம்புகளையும் சேர்த்து அழுத்துகிறது. புதியதன் விளிம்பு பழையதைவிட அரை மி.மீ. தடிமன் குறைந்திருந்தாலும், கிளாம்ப் தடித்த பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைத் தளர்வாக விட்டுவிடும். எவ்வளவு முறுக்கினாலும் கசிவு நிற்காது. ஸ்டட்டின் மரைதான் போகும். ஆகவே பொருத்துமுன் இரண்டு விளிம்புகளையும் வெர்னியரால் அளந்து, வேறுபாடு இருந்தால் தடித்ததை லேத் பட்டறையில் கொடுத்துச் சமன் செய்துகொள்ளுங்கள். கேஸ்கெட் எப்போதும் புதியதாகவே இருக்கட்டும். நட்டுகள் பித்தளையாக இருந்தால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

இனி முன்குழாய், சைலன்சர், வால்குழாய் ஆகியவற்றை வரிசையாகக் கோத்து, எல்லாக் கிளாம்புகளையும் கையால் மட்டும் திருகி, ரப்பர் தொங்கிகளில் மாட்டுங்கள். இந்த நிலையில் குழாய் தானாகத் தன் இடத்தில் அமர வேண்டும். துளைகள் நேராக வரவில்லை என்றால் இணைப்புகளைச் சுழற்றிப் பாருங்கள், தேவைப்பட்டால் வெட்டிப் பற்றவையுங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்காதீர்கள். என்ஜின் ரப்பர் அடித்தளத்தில் ஆடுகிறது, குழாயும் அதோடு ஆடியாக வேண்டும், சூட்டில் நீளவும் வேண்டும். என் காரில் ஒருமுறை வால்குழாயை இரும்புப் பட்டையால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினேன். இரண்டு மாதத்துக்குள் முன்பக்க விளிம்பில் பற்றவைத்த இடம் விரிந்து, கோபாலபுரம் சாலையில் டிராக்டர் போல ஒலியெழுப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

பின்சக்கரங்களின் அமைப்பையும் கருத வேண்டும். இந்தக் கார்களின் பின் ஆக்சில்கள், நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலிலிருந்து சிறகுபோல மேலும் கீழும் அசைபவை. கார் தாங்கிகளில் நிற்கும்போது சக்கரங்கள் தொங்கிவிடுவதால், குழாய்க்கும் ஆக்சிலுக்கும் இடையில் தெரியும் இடைவெளி தரையில் நிற்கும்போது இருப்பதல்ல. எனவே தொங்கும் நிலையில் ஒருமுறையும், சக்கரங்களைத் தரையில் ஊன்றிப் பின்னிருக்கையில் இருவரை உட்காரவைத்து இன்னொரு முறையும் பாருங்கள்; ஸ்பிட்ஃபயரில் பின்னிருக்கை இல்லாததால் டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை போதும். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், மின்கம்பிகள் எதுவும் புகைக்குழாயைத் தொடும் தூரத்தில் இருக்கக் கூடாது. இவை சரியென்று கண்டபின், முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டு, தடித்த துணியால் வால்குழாயைச் சில நொடிகள் அடைத்தால், கசியும் இணைப்பு சீறும். சோப்பு நீரைத் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை விட்டவுடன் பட்பட்டென்று வெடித்தாலும் பெரும்பாலும் இணைப்புக் கசிவையே சந்தேகிக்க வேண்டும். புகை எளிதாக வெளியேறுவதால் பெட்ரோல் கலவை மெலிந்திருக்கக்கூடும். பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் கார்ப்பரேட்டரைச் சீர்செய்ய வேண்டும்.

முதல் ஓட்டத்தில் குழாயின்மேல் இருக்கும் எண்ணெய் புகையும், அது இயல்பு. ஆனால் திரும்பி வந்ததும் களத்தில் காயும் தென்னை மட்டையின்மேலோ உலர்ந்த புல்லின்மேலோ காரை நிறுத்தாதீர்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் கேஸ்கெட் சற்றுப் படிந்திருக்கும். என்ஜின் நன்றாகக் குளிர்ந்தபிறகு மேனிஃபோல்டு நட்டுகளை நடுவிலிருந்து இருபுறமாக மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள்.