வன்னிக்குக் குடிவருபவர்களுக்கு: கையில் இருக்கும் போனைப் பற்றி

கனடா, லண்டன், சுவிஸ் என்று பல வருடம் இருந்துவிட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடிவருகிறவர்கள் காணி, கிணறு, கரண்ட் எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிறார்கள். போனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் கண்டவரை, வந்த புதிதில் அயலட்டையோடு மனத்தாங்கல் வருவது பலருக்கு அதனால்தான்.

முதலில் பஸ். போன மாதம் பரந்தனில் ஏறிய ஒரு தம்பி ஸ்பீக்கரைப் போட்டுக் கதைத்துக்கொண்டு வந்தார். "அந்தக் காணியை என்ன விலைக்குக் கேட்கினம்?" என்று மறுபக்கத்தில் கேட்டது பஸ் முழுக்கக் கேட்டது. இவர் விலையைச் சொன்னார், தான் எவ்வளவு குறைத்துக் கேட்கப் போகிறார் என்றும் சொன்னார். காணிக்காரரின் தங்கச்சி இரண்டு சீற் முன்னால் இருந்தா. தம்பி விசுவமடுவில் இறங்குவதற்கு முன்பே கதை வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கே யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. காதோடு வைத்துக் கதையுங்கள், இல்லாவிட்டால் "இறங்கி எடுக்கிறேன்" என்று சொல்லி வையுங்கள்.

ஆனால் வயதான ஆட்கள் சத்தமாகக் கதைத்தால் முகம் சுளிக்க வேண்டாம். வெளிநாட்டுக்குப் போன் எடுக்கும் கொமினிக்கேசன் கடையில் காத்திருந்து, நிமிடத்துக்கு இவ்வளவென்று காசு கொடுத்து, இரைச்சலுக்குள் பிள்ளையின் குரலைத் தேடிக் கதைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

இரவு அழைப்பையும் கவனியுங்கள். ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் 9½ மணித்தியாலம், குளிர்காலத்தில் 10½ மணித்தியாலம் வித்தியாசம். அங்கே வேலை முடிந்து பின்னேரம் நாலரைக்கு ஆறுதலாக ஒருவர் அடித்தால், கோடையில் இங்கே சாமம் 2 மணி. அந்த நேரத்தில் போன் அடித்தால் பக்கத்து வீட்டிலும் லைட் எரியும். சாமத்தில் வந்த செய்திகள் நல்லதாக இருந்ததில்லை என்பது இந்தச் சனத்தின் அனுபவம். உறவுக்காரருக்கு நேரத்தைச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் படம் எடுப்பது. இராணுவ முகாம் பக்கம் போனைத் தூக்கவே வேண்டாம். கால் இழந்தவர், கொட்டிலில் இருப்பவர், வயல் வேலை செய்பவர் என்று யாராக இருந்தாலும் முதலில் நாலு வார்த்தை கதைத்து, "படம் எடுக்கலாமோ அம்மா?" என்று கேளுங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கும் அந்தத் தாய்மாரிடம் போகிறவர்கள், போனைப் பையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். படத்தில் இருப்பது யார், எந்த இடத்தில் கடைசியாகக் கண்டது என்று அவர்களே சொல்வார்கள். சொல்லி முடியும்வரை கேளுங்கள். பிறகு அவர்கள் விரும்பினால் எடுக்கலாம்.

செத்தவீடுதான் புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்பும். உங்கள் போன் அங்கே சத்தம் போடக்கூடாது. சினிமாப் பாட்டு ரிங்டோன் என்றால் படலைக்கு வெளியிலேயே நிறுத்திவிடுங்கள். ஆனால் உள்ளே, பெட்டியின் தலைமாட்டில் ஒரு பெடியன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனைப் பார்த்து "என்ன மரியாதை இது" என்று நினைத்துவிடாதீர்கள். விசா சரிவராமல் வெளிநாட்டில் நிற்கும் மகன் அந்தத் திரைக்குள் அழுதுகொண்டிருக்கிறான். வாய்க்கரிசி போடும்போது பெண்கள் விலகி அந்தப் போனுக்கு இடம் விடுவார்கள். ஒரு செத்தவீட்டில் இழவு கேட்க வந்த கிழவி ஒருத்தி, திரையில் இருந்த மகனின் கன்னத்தை விரலால் துடைத்துவிட்டதை நான் பார்த்தேன்.

பெடியனின் போனில் டேட்டா முடிந்தால் உங்கள் போனைக் கேட்பார்கள். செத்தவீட்டுக்குப் போகும்போது நிறையச் சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கள்.