பாகல் விதையை வீட்டிலேயே முளைக்க வைப்பது எப்படி?

மாடித்தோட்டம் தொடங்குபவர்களுக்கு வெண்டையும் கொத்தவரையும் பெரிதாகத் தொல்லை கொடுப்பதில்லை. பாகல் அப்படியல்ல. விதைத்துப் பத்து நாள்களாகியும் எதுவும் வெளிவராமல் தொட்டியைக் கிளறிப் பார்த்தால் விதை அழுகிக் கிடக்கும். விதை மட்டம் என்று அப்போது முடிவு செய்துவிட வேண்டாம். பாகல் விதையின் உறை தடித்தது, உள்ளே நீர் இறங்கவே நாளாகும். அதுவரை நாம் ஊற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீர் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றிவிடுவதால், முளைக்க வேண்டிய விதை மூச்சுவிட வழியில்லாமல் அழுகிப்போகிறது. எனவே விதையை நேரே மண்ணில் ஊன்றாமல், துணியில் முளைகட்டி, வேர் வந்தபின் நடுவதே புதியவர்களுக்கு ஏற்ற முறை.

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் பாகலுக்கு உகந்தவை. கடையில் விதை வாங்கினால் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் பரிசோதனைத் தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். இளஞ்சிவப்பு போன்ற நிறம் பூசிய விதைகள் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி கலந்தவை என்பதால், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, சமையல் பாத்திரத்திலும் ஊறவைக்கக் கூடாது. வீட்டுக் கொடியிலிருந்தே விதை எடுப்பதானால், காய் நன்கு பழுத்து மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறி வெடிக்கத் தொடங்கும்வரை பொறுத்திருந்து, விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதையை அலசிவிட்டு நிழலில் உலர்த்துங்கள். கறிக்குப் பறிக்கும் பச்சைக் காயிலுள்ள வெளிறிய விதை முற்றியிராது, அது முளைக்கும் என்று நம்ப வேண்டாம்.

விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு முனை சற்றுக் குறுகியிருப்பது தெரியும். வேர் வெளிவருவது அந்தப் பக்கம்தான். அம்முனையின் ஓரத்தை நகவெட்டியின் வாயில் வைத்து மெல்ல அழுத்தினால், 'டிக்' என்ற சிறு ஓசையுடன் உறையின் இணைப்பு லேசாக விரியும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும், உள்ளேயிருக்கும் பருப்பு நசுங்கினால் அந்த விதை வீண்.

இப்படி விரித்த விதைகளை மாலையில் வெதுவெதுப்பான நீரில் போட்டு, மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம் போதும். நிறைய ஊறினால் விரைவாக முளைக்கும் என்று எண்ணி, முதல் ஆண்டில் நான் இரண்டு நாள்கள் தண்ணீரிலேயே விட்டுவைத்தேன். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் நுரைத்து நாறியது, பதினைந்து விதைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. மிதக்கும் விதைகளை உடனே எறிந்துவிட வேண்டியதில்லை, உறைக்குள் காற்று தங்கியிருந்தாலும் நல்ல விதை மிதக்கும்.

அடுத்து, பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை நனைத்து, ஒரு சொட்டும் வடியாத அளவுக்கு இறுக்கிப் பிழிந்துகொள்ளுங்கள். முளைப்பு பிழைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் இந்தப் பிழிதலில்தான் இருக்கிறது, ஏனெனில் துணி ஈரமாக இருக்க வேண்டுமே தவிர, அதில் நீர் நிற்கக் கூடாது. விதைகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, துணியை மடித்து ஒரு டப்பாவில் வைத்து, மூடியைத் தளர்வாக மூடி, வெயில் படாத கதகதப்பான இடத்தில் வையுங்கள். 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் பாகலுக்குப் பொருத்தமானது. கிராமங்களில் விதை மூட்டையை வைக்கோல் போருக்குள் செருகி வைப்பதும் இந்த வெப்பத்துக்காகத்தான். நாள்தோறும் ஒருமுறை துணியைத் திறந்து காற்றுப் பட விடுங்கள். விதையின் மேல் வழவழப்புத் தென்பட்டால் விதையையும் துணியையும் அலசிவிட்டு மீண்டும் மடித்து வையுங்கள்.

மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாளுக்குள் முனையில் அரிசிக் குருணைபோல வெண்ணிற வேர் எட்டிப்பார்க்கும். அது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவதற்குள் நட்டுவிடுவது நல்லது. நாள் கடந்தால் வேர் துணி இழைக்குள் புகுந்துவிடும், அப்போது இழுக்காமல் துணியைக் கத்தரித்து அப்படியே நடுங்கள். பாகல் நாற்று வேர் அசைவதைத் தாங்காது என்பதால், அடியில் துளையிட்ட காகிதக் கோப்பைகளே எனக்கு உகந்தவையாகத் தோன்றுகின்றன. அலசிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்து கோப்பையை நிரப்பி, விதையின் ஓட்டை மட்டும் பிடித்து, வேர் கீழ்நோக்கும்படி இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடுங்கள். பிறகு மேற்பரப்பு காயும்போது மட்டும் நீர் தெளியுங்கள்.

சில நாள்களில் தண்டு வளைந்து மேலெழும். வித்திலைகளின் மேல் ஓடு ஒட்டிக்கொண்டே வந்தால் பிய்க்க வேண்டாம், ஒரு சொட்டு நீர் விட்டு ஊறவிட்டால் தானே கழன்றுவிடும். தலை தெரிந்த அன்றே காலை வெயிலுக்கு மாற்றாவிட்டால் நாற்று வெளிறி நெட்டையாகிவிடும். தண்டின் அடி பழுப்பேறித் துவண்டு சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரம் மிகும்போது மண்ணிலுள்ள பூஞ்சைகள் தாக்குவதால் வருவது. சாய்ந்த நாற்றை எடுத்தெறிந்துவிட்டு மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். நடும்போதே கலவையில் சிறிது டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) சேர்த்திருந்தால் இந்த இழப்பு குறையும்.

வித்திலைகளுக்கு மேல் இரண்டு, மூன்று உண்மையான இலைகள் விரிந்ததும், மாலை வேளையில் கோப்பையின் அடியைக் கிழித்துவிட்டு, மண் உருண்டை உடையாமல் ஒன்றரை அடி ஆழமுள்ள பையில் நடுங்கள். பந்தலுக்கான கயிற்றை நடும் அன்றே கட்டிவிடுங்கள், பற்றுக்கம்பி வந்தபின் கொடியைப் பிரித்து ஏற்றப் போனால் நுனி ஒடிந்துவிடும்.